மிதத்தல், நகர்தல், போரிடல்: ‘ஐஎன்எஸ் சென்னை’யும் ஆவடிப் பட்டறைகளும்

ஒரு போர்க்கப்பல் உள்நாட்டில் கட்டப்பட்டது என்னும் ஒற்றைக் கூற்றுக்குள் மூன்று தனித்தனிக் கூற்றுகள் அடங்கியிருப்பதால், இந்தியக் கடற்படை தன் தற்சார்புக் கணக்கை மிதத்தல், நகர்தல், போரிடல் என்று மூன்றாகப் பிரித்தே எழுதிவருகிறது. கப்பலின் உடலும் அதன் உள்ளமைப்பும் மிதத்தலில் அடங்கும். முதன்மை இயந்திரம், பல்லிணைப் பெட்டி, உந்துவிசிறியைச் சுழற்றும் தண்டு முதலியவை நகர்தலில் அடங்கும். ரேடார், சோனார், ஏவுகணை, பீரங்கி ஆகியவையும் அவற்றை இணைக்கும் கணினிகளும் போரிடலில் அடங்கும். முதற்பிரிவில் ஏறத்தாழ 90 விழுக்காடும் இரண்டாவதில் 60 விழுக்காடும் மூன்றாவதில் 50 விழுக்காடும் உள்நாட்டில் கைகூடியுள்ளதாகக் கடற்படை கூறிவந்துள்ளது. சென்னை நகரின் பெயரைத் தாங்கிய ஏவுகணை நாசகாரிக் கப்பலை இம்மூன்று அளவுகோல்களாலும் அளந்து பார்ப்பதும், அவ்வாறு கிடைக்கும் விடையை அறுபது ஆண்டுகளாகக் கவச ஊர்தி கட்டிவரும் ஆவடியின் பட்டறிவோடு ஒப்பிடுவதும் இவ்வுரையின் பொருளாகும்.

கடற்கரையிலிருந்து விலகி, ஏரிகளும் ஆலைகளும் சூழ அமைந்த ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் நாசகாரிக் கப்பலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயத்துக்கு வரலாறே விடை தருகிறது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிசப் பாங்கிலான சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1956 ஏப்ரலில் வெளியான தொழிற்கொள்கைத் தீர்மானம், அரசே முன்னின்று நடத்த வேண்டிய தொழில்களை முதல் அட்டவணையாக வகுத்தபோது, படைக்கலன் உற்பத்தியையும் கப்பல் கட்டுமானத்தையும் அந்த ஒரே அட்டவணையில் வைத்தது. மும்பையின் மசகான் கப்பல் கட்டுந்தளம் 1960இல் அரசுடைமையானது. ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. முன்னது 1972இல் ‘நீலகிரி’ என்னும் முதல் பெரிய உள்நாட்டுப் போர்க்கப்பலை முடித்துக் கொடுத்தது. பின்னது 1965இன் இறுதியில் ‘விஜயந்தா’ டாங்கியை வெளிக்கொணர்ந்தது. இரண்டுமே பிரித்தானிய வடிவமைப்பை அடியொற்றியவை. ஆகவே ஆவடியின் டாங்கியும் மசகானின் கப்பலும் ஒரே கொள்கையின் இரு பிள்ளைகள் என்று சொல்வதில் மிகையில்லை.

‘நாசகாரி’ என்னும் சொல் இன்று கப்பலின் அழிக்கும் ஆற்றலைப் பொதுவாகச் சுட்டுவதுபோலத் தோன்றினாலும், அதன் பிறப்பு மிகக் குறுகிய பொருளை உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நீருக்கடியில் ஓடி வெடிக்கும் டார்பிடோவைச் சுமந்த சிறு படகுகள் பெருங்கப்பல்களுக்கு எமனாக அமைந்தபோது, அப்படகுகளை விரட்டிப் பிடித்து அழிக்கவென்றே விரைவான கப்பல் ஒன்று பிரித்தானியாவில் உருவாயிற்று. டார்பிடோப் படகு அழிப்பான் என்ற அதன் நீண்ட பெயரே பின்னர் அழிப்பான் என்று சுருங்கியது. அந்நாளைய நாசகாரி சிறியது, காவலாளுக்கு ஒப்பானது. சென்னையைப் பொறுத்தவரை கடலிலிருந்து வந்த அச்சத்துக்கு வேறொரு பெயர் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் ‘எம்டன்’ என்னும் செருமானியக் கப்பல் துறைமுகத்தருகே வந்து குண்டு பொழிந்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திச் சென்றதன் விளைவாக, அக்கப்பலின் பெயர் தமிழில் ஒரு பண்புச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. கப்பலைப் பற்றி ஏதும் அறியாதவரும் கெட்டிக்காரரையும் கண்டிப்பானவரையும் எம்டன் என்கின்றனர். எம்டன் நாசகாரி வகையன்று, இலகு குரூசர் வகை. எனினும், காவலற்ற கரையின் முன் ஒரே ஒரு கப்பல் என்ன செய்துவிட முடியும் என்பதைத் தமிழ்மொழி இவ்வாறு பதிந்து வைத்திருக்கிறது.

நாசகாரியின் இயல்பை அடியோடு மாற்றியது ஏவுகணை. 1967இல் எகிப்தின் சிறு படகுகள் செலுத்திய ஏவுகணைகளால் இசுரேலின் ‘எய்லாத்’ மூழ்கியதும், 1971 டிசம்பர் 4 இரவில் இந்தியாவின் ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு அப்பால் பாகிஸ்தானின் ‘கைபர்’ நாசகாரியை மூழ்கடித்ததும், பீரங்கி எட்டாத தொலைவிலிருந்தே பெரிய கப்பலை வீழ்த்தலாம் என்பதை மெய்ப்பித்தன. அதன்பின் நாசகாரி, தன்னைக் காக்கவும் தன்னுடன் வரும் அணியைக் காக்கவும் ஏவுகணையையே நம்பும் கப்பலாயிற்று. ஏவப்பட்ட பின்னும் தன் வழியைத் திருத்திக்கொண்டு இலக்கை நாடும் கணைகளை முதன்மைப் படைக்கலனாகக் கொண்ட கப்பலே ஏவுகணை நாசகாரி எனப்படுகிறது. இந்தியாவின் முதல் ஏவுகணை நாசகாரியான ‘ராஜ்புத்’ 1980இல் பணியில் சேர்ந்தது. அதுவும் அதன் உடன்பிறப்புகள் நான்கும் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் உக்ரைன் பகுதியிலுள்ள மிக்கொலாயிவ் நகரில் கட்டப்பட்டவை. அந்த ஊர்ப்பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இக்கதையில் அது மீண்டும் வரும்.

ராஜ்புத் வகையைப் பார்த்துப் பயின்ற கடற்படை வடிவமைப்பாளர்கள், தாமே வரைந்த ‘டெல்லி’ வகையை மசகானில் கட்டி 1997 முதல் 2001 வரை மூன்று கப்பல்களாகப் பெற்றனர். திட்டம் 15 என்பது அதன் அலுவலகப் பெயர். அதே உடலின் வளர்ச்சியான திட்டம் 15ஏ ‘கொல்கத்தா’ (2014), ‘கொச்சி’ (2015), ‘சென்னை’ (2016) ஆகிய மூன்றைத் தந்தது. அதற்கடுத்த திட்டம் 15பி, ‘விசாகப்பட்டினம்’ (2021), ‘மர்மகோவா’ (2022), ‘இம்பால்’ (2023), ‘சூரத்’ (2025) என்னும் நான்கோடு நிறைவுற்றது. டெல்லி வகையில் 42 விழுக்காடாக இருந்த உள்நாட்டுப் பங்கு 15ஏயில் 59ஆகவும் 15பியில் 72ஆகவும் உயர்ந்தது. இவ்வுயர்வு பாராட்டத்தக்கது, ஆயினும் ஒற்றை எண்ணாகச் சொல்லப்படும் எந்த விழுக்காடும், எஞ்சிய பங்கில் இருப்பது எது என்பதைச் சொல்வதில்லை. எஞ்சிய 28இல் இருப்பவை கைப்பிடிகளும் குழாய்களுமாக இருந்தால் கவலை வேண்டியதில்லை. உயிர்நிலையே அதில் இருக்குமானால் கவலை வேண்டும்.

‘சென்னை’ ஏறத்தாழ 164 மீட்டர் நீளமும் 17 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடையது. அது விலக்கும் நீரின் எடை, அதாவது கப்பலின் மொத்த எடை, 7,500 டன்னை ஒட்டியது. கடலோர மக்கள் ஏரா என்று சொல்லும் அடிக்கட்டை 2006 பிப்ரவரியில் இடப்பட்டு, 2010 ஏப்ரல் 1 அன்று கப்பல் நீரில் இறக்கப்பட்டு, 2016 நவம்பர் 21 அன்று பணியில் சேர்க்கப்பட்டது. பத்தாண்டுக்கும் மேற்பட்ட இக்காலம் நீண்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘சூரத்’தின் ஏரா 2019 நவம்பரில் இடப்பட்டு, ஐந்தாண்டுகளும் ஒரு மாதமுமே கடந்த நிலையில், 2024 டிசம்பரில் கப்பல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்விரைவுக்கு முதன்மைக் காரணம் கண்டம் கண்டமாகக் கட்டும் முறை: உடலைப் பெருந்துண்டுகளாகப் பட்டறைக்குள்ளேயே செய்து, குழாய்களையும் மின்கம்பிகளையும் கூடியவரை அங்கேயே பொருத்தி, பின்னர் பாரந்தூக்கியால் எடுத்துவந்து ஒன்றோடொன்று பற்றவைப்பதே அது. வெயிலிலும் மழையிலும் குறுகிய அறைகளுக்குள் குனிந்து செய்யவேண்டிய வேலையைக் கூரைக்கடியில் நிமிர்ந்து செய்யும்போது காலமும் மிஞ்சுகிறது, பற்றவைப்பின் தரமும் உயர்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பற்றவைப்புக் கோலைப் பிடித்த எவருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

மிதத்தலின் அடிப்படை எஃகு. போர்க்கப்பலுக்கான எஃகு வலுவாக மட்டும் இருந்தால் போதாது. கடும் குளிரிலும் அதிர்ச்சியிலும் கண்ணாடிபோல் விரிந்து பிளக்காத தன்மையும், பற்றவைத்த இடம் தாய்த்தகட்டுக்கு நிகராக நிற்கும் தன்மையும் அதற்கு வேண்டும். விமானந்தாங்கிக் கப்பலான ‘விக்ராந்த்’துக்குரிய எஃகு ரஷ்யாவிலிருந்து வேண்டியபோது கிடைக்காத நிலையில், ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடமும் இந்திய எஃகு ஆணையமும் சேர்ந்து டிஎம்ஆர் 249ஏ என்னும் எஃகை உருவாக்கின, திட்டம் 15பியின் நான்கு கப்பல்களும் அந்த எஃகால் ஆனவை. அதே ஆய்வுக்கூடம்தான், தான் அமைந்திருக்கும் காஞ்சன்பாக் பகுதியின் பெயரால் வழங்கும் ‘காஞ்சன்’ கவசத்தை ஆவடியின் ‘அர்ஜுன்’ டாங்கிக்காக உருவாக்கியது. கடலில் மிதக்கும் உடலும் பாலைமணலில் உருளும் உடலும் ஒரே உலையறிவிலிருந்து வந்தவை. 90 விழுக்காடு என்னும் எண்ணுக்குப் பின்னால் இருப்பது இவ்வகையான விடாப்பிடியான உலோகவியல் உழைப்பே என்பதால், மூன்று பிரிவுகளிலும் இதுவே ஐயத்துக்கு இடமற்ற வெற்றி.

போரிடலில் கணக்கு இவ்வளவு தெளிவானதன்று. ‘சென்னை’யின் பாய்மரக் கம்பத்தைப் போன்ற உயர்ந்த கட்டமைப்பில் நான்கு திசை நோக்கி நான்கு தட்டையான முகங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவை எம்எஃப்-ஸ்டார் என்னும் ரேடாரின் முகங்கள். பழைய ரேடார் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது. இதுவோ அசையாமல் நின்று, ஒவ்வொரு முகத்திலும் உள்ள எண்ணற்ற சிறு அலைபரப்பிகளின் காலக்கணக்கை மின்னணு முறையில் மாற்றுவதன் வழியே அலைக்கற்றையைக் கணநேரத்தில் வேண்டிய திசைக்குத் திருப்புகிறது. ஆகையால் ஒரே நேரத்தில் பல இலக்குகளைத் தொடர முடிகிறது. ரேடார் காட்டும் வான் இலக்கை எதிர்கொள்ள 32 பராக்-8 ஏவுகணைகள் மேல்தளத்துக்குக் கீழே செங்குத்தான அறைகளில் நிற்கின்றன. ரேடார் இசுரேலுடையது, ஏவுகணை இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இசுரேலும் கூட்டாக உருவாக்கியது. கப்பல் முந்தி ஏவுகணை பிந்தியதன் இடரையும் இவ்வகை கண்டது: ‘கொல்கத்தா’ பணியில் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் கடந்த பிறகே, 2015 டிசம்பரில், பராக்-8 அதிலிருந்து முதன்முறையாக ஏவிச் சோதிக்கப்பட்டது.

பிறிதொரு கூட்டு முயற்சியான பிரம்மோஸ் இன்னும் விரிவான கவனத்துக்கு உரியது. பிரம்மபுத்திராவையும் மாஸ்கோ ஆற்றையும் இணைத்துப் பெயர்பெற்ற இந்த ஏவுகணை 1998இல் இந்தியாவும் ரஷ்யாவும் செய்த உடன்பாட்டில் பிறந்தது. ‘சென்னை’யில் 16 உள்ளன. திண்ம எரிபொருள் முதலில் அதை மேலெழுப்பி விரைவூட்ட, அதன்பின் ராம்ஜெட் என்னும் பொறி பணியேற்கிறது. ராம்ஜெட்டில் காற்றை அழுத்தும் சுழல்விசிறி கிடையாது. பாயும் விரைவே எதிர்வரும் காற்றை அழுத்திக் கொடுக்க, எரிபொருள் அதில் எரிகிறது. விளைவாக, ஒலியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவு கிட்டுவதால், எதிர்க்கப்பலுக்கு எஞ்சும் காலம் மிகச் சிறிது. தொடக்கத்தில் 290 கிலோமீட்டர் என வரையறுத்திருந்த எட்டுதொலைவு, ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தியா 2016இல் உறுப்பினரான பிறகு கூட்டப்பட்டது. இலக்கைத் தேடும் கண்ணான தேடுகருவியும் முதலில் வெளிநாட்டுடையதே. உள்நாட்டுத் தேடுகருவி பொருத்திய பிரம்மோஸ் 2018 மார்ச்சில் பொக்ரானில் சோதிக்கப்பட்டது. 2020 அக்டோபர் 18 அன்று அரபிக்கடலில் ‘சென்னை’யிலிருந்து ஏவிய பிரம்மோஸ் இலக்கைத் துல்லியமாகத் தாக்கியது. கூட்டு உருவாக்கம் என்பது கைகட்டி நிற்பதன்று, ஒவ்வொரு உறுப்பாகக் கற்றுக்கொண்டு உரிமையாக்குவது என்பதற்குப் பிரம்மோஸ் சான்று.

எஞ்சிய படைக்கலன்களைச் சுருங்கச் சொல்லலாம். முன்தளத்தின் 76 மில்லிமீட்டர் பீரங்கி அரித்துவாரில் உள்ள பெல் தொழிற்சாலையில் உருவாவது. டார்பிடோக் குழாய்களை எல் அண்ட் டி செய்கிறது. நீருக்கடியில் ஒலியால் துழாவும் சோனார் கொச்சி ஆய்வுக்கூடத்தின் படைப்பு. துரத்திவரும் டார்பிடோவைப் பொய்யொலியால் திசைதிருப்பும் கருவிக்கு ‘மாரீச்’ என்று பெயர். பொன்மானாய் வந்து ஏமாற்றியவனின் பெயரை இதைவிடப் பொருத்தமாக வேறு எதற்கும் சூட்டியிருக்க முடியாது.

நகர்தலில்தான் மெய்யான சோதனை இருக்கிறது. கப்பலை மணிக்கு 30 கடல்மைலுக்கும் மேற்பட்ட, அதாவது 55 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் செலுத்துபவை நான்கு வாயுச்சுழலிகள். வாயுச்சுழலி என்பது விமான எஞ்சினின் நெருங்கிய உறவு: காற்றை அழுத்தி, எரிபொருளை அதில் எரித்து, பொங்கும் வாயுவின் வேகத்தால் இறகுகள் பதித்த சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியைப் பல்லிணைகளின் வழியே உந்துவிசிறிக்குக் கொண்டுசெல்வது. எடைக்கு ஒப்பிட்டால் டீசல் எஞ்சினைவிட மிகப் பெரும் ஆற்றல் தருவதும், சில நிமிடங்களிலேயே முழு வலுவுக்கு வருவதும் அதன் சிறப்பு. மெதுவாகச் செல்லும்போதும் எரிபொருளை மிகுதியாகக் குடிப்பது அதன் குறை. அக்குறையைத் தணிக்கவே, இயல்பான பயணத்துக்குச் சில சுழலிகளையும் முழு விரைவுக்கு நான்கையும் இயக்கும் கூட்டு அமைப்பு கையாளப்படுகிறது. இதை உருவாக்குவது ஏன் கடினம் எனில், இறகுகளின் மேல் மோதும் வாயுவின் வெப்பம் அவ்விறகு உருகும் வெப்பத்தையே விஞ்சக்கூடியது. இறகின் உள்ளே மயிரிழை போன்ற துளைகளை விட்டு, அவற்றின் வழியே குளிர்காற்றைச் செலுத்தி, நிக்கல் கலப்புலோகத்தைப் படிகம் பிசகாமல் வார்த்தெடுத்தால்தான் அது தாங்கும். உப்புக்காற்றின் அரிப்பு இதற்கு மேல். எஃகுத் தகட்டில் ஐதராபாத் பெற்ற வெற்றியை இவ்விறகில் இந்தியா இன்னும் பெறவில்லை.

‘சென்னை’யின் சுழலிகள் வந்த இடம் உக்ரைனின் சோர்யா-மஷ்புரோயக்ட் நிறுவனம், அது அமைந்திருக்கும் ஊர் மிக்கொலாயிவ். 1980இல் முழுக் கப்பலும் எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்தே அதற்குப் பின் கட்டிய உள்நாட்டு நாசகாரிகளுக்கும் உந்துவிசை வந்திருக்கிறது. இந்தச் சார்பின் பொருள் என்ன என்பதை ரஷ்யா முதலில் உணர்ந்தது. 2014இல் கிரீமியாவை அது இணைத்துக்கொண்டதும் உக்ரைன் சுழலிகளை அனுப்புவதை நிறுத்திவிட, கலினின்கிராடின் கட்டுந்தளத்தில் ரஷ்யாவின் போர்க்கப்பல்கள் உடல் இருந்தும் உயிரின்றிக் கிடந்தன. அவற்றுள் இரண்டை இந்தியா வாங்க ஒப்புக்கொண்டு, சுழலிகளை உக்ரைனிடம் தானே வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவை ‘துஷில்’, ‘தமால்’ என்னும் பெயர்களில் கடலேகின. கப்பல் கட்டுவதில் நூற்றாண்டுகளின் பழக்கமுள்ள ஒரு பெருநாடு, ஓர் உறுப்புக்காக மூன்றாம் நாட்டின் கையை எதிர்பார்த்து நின்றது. 2022இல் தொடங்கிய போர் மிக்கொலாயிவையே தாக்கியபோது, அவ்வூரின் சுழலிகளை நம்பியிருக்கும் எல்லாக் கடற்படைகளும் உதிரி உறுப்புகளைப் பற்றி எண்ணிப் பார்க்கவேண்டியதாயிற்று. பெங்களூரில் எச்ஏஎல் அமெரிக்க எல்எம்2500 சுழலிகளைப் பொருத்தித் தருகிறது என்பதும் ‘விக்ராந்த்’ அவற்றால் இயங்குகிறது என்பதும் உண்மையே. ஆனால் பொருத்தித் தருவதும் படைத்துத் தருவதும் வேறுவேறு.

இந்த வேறுபாட்டை ஆவடியைவிட நன்கறிந்த ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஆவடியின் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த ‘அர்ஜுன்’ தன் கவசத்தையும் பீரங்கியையும் இந்நாட்டிலேயே பெற்றும், 1,400 குதிரைத்திறன் கொண்ட அதன் எஞ்சின் செருமனியிலிருந்து வந்தது; அந்த டாங்கியின் மேம்பட்ட வடிவமான மார்க் 1ஏயில் 118ஐக் கட்டக் கனரக ஊர்தித் தொழிற்சாலைக்கு 2021இல் ஆணை வழங்கியபோதும் அதே இடர் கூடவே வந்தது. மறுபுறம், ஆவடி எஞ்சின் தொழிற்சாலை வேறொரு வழியைக் காட்டியிருக்கிறது. ரஷ்ய வடிவமைப்பிலான டி-72, டி-90 டாங்கிகளின் எஞ்சின்களை உரிமம் பெற்றுச் செய்துவந்த அத்தொழிற்சாலை, இறக்குமதி உறுப்புகளை ஒவ்வொன்றாக விலக்கி, முழுவதும் உள்நாட்டு உறுப்புகளாலான இரு எஞ்சின்களை 2018 ஜூலையில் படையிடம் வழங்கியது. இது வடிவமைப்பன்று, உற்பத்தியே என்று குறைத்துச் சொல்வோர் உண்டு. அக்குறை முழுப் பொருத்தமுடையதன்று. போர்க்காலத்தில் ஒரு வால்வுக்கோ எரிபொருள் பம்புக்கோ அயல்நாட்டுக் கப்பலை எதிர்பார்க்க வேண்டாத நிலை படைக்குப் பெரும்பேறு. தவிரவும், பிறர் வரைந்த எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பையும் வார்த்தும் கடைந்தும் அளந்தும் பழகிய கைகளே அடுத்த எஞ்சினைச் சோதித்துப் பார்க்கும் துணிவைப் பெறுகின்றன. கடைசல் பட்டறையிலும் வார்ப்பகத்திலும் சேரும் இவ்வறிவு எந்த விழுக்காட்டிலும் பதிவதில்லை.

அத்தகைய துணிவின் பயனை 2024 மார்ச் 20 அன்று காண முடிந்தது. டாங்கிகளுக்காக உள்நாட்டிலேயே உருவாக்கிய 1,500 குதிரைத்திறன் எஞ்சின் அன்று மைசூரில் உள்ள பெமல் வளாகத்தில் முதன்முறையாக முடுக்கப்பட்டது. சோதனை மேடையில் ஓடும் எஞ்சினுக்கும் டாங்கிக்குள் புழுதியிலும் வெப்பத்திலும் ஆண்டுக்கணக்கில் ஓடும் எஞ்சினுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு என்றாலும், அறுபது ஆண்டுகளாகப் பிறர் வரைந்த எஞ்சின்களையே நம்பியிருந்த வட்டாரத்தின் கனவு உயிர்நிலையைத் தொட்டுவிட்டது. நாசகாரிகளை உந்தும் கப்பற்சுழலியோ இன்னும் அயல்நாட்டுடையதே. கடற்படையின் அடுத்த தலைமுறை நாசகாரி வரைபடத்தில் உருப்பெறும்போது, எத்தனை ஏவுகணை ஏற்றலாம் என்னும் வினாவைவிட, இறகு எங்கே வார்க்கப்படும் என்னும் வினாவே முன்நிற்க வேண்டும். அவ்வினாவுக்கு விடை தேடும் பொருட்செலவும் பொறுமையும் ஒரு கப்பலின் ஆயுளைவிட நீண்டவை என்பதையும் ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும்.

2024 சனவரி 4 அன்று மாலை, சோமாலியாவுக்கு அப்பால் ‘லீலா நார்ஃபோக்’ என்னும் சரக்குக் கப்பலில் ஆயுதம் தாங்கியோர் ஏறிவிட்டனர் என்னும் செய்தி வந்தது. அதில் இருந்த மாலுமிகள் 21 பேர். அவர்களுள் 15 பேர் இந்தியர். அவர்கள் பாதுகாப்பு அறைக்குள் தங்களை அடைத்துக்கொண்டனர். வேறு பணியில் இருந்த ‘சென்னை’ உடனே திருப்பப்பட்டு, மறுநாள் பிற்பகலில் அக்கப்பலை எட்டியது. அதிலிருந்து சென்ற கடற்படைக் கமாண்டோக்கள் தளந்தளமாகத் தேடியபோது கொள்ளையர் எவரும் அங்கில்லை, 21 பேரும் நலமாக மீட்கப்பட்டனர். ஒரு பிரம்மோசும் ஒரு பராக்கும் அன்று ஏவப்படவில்லை. அன்று தேவைப்பட்டது உரிய நேரத்தில் போய்ச் சேர்வது ஒன்றே. அதைச் செய்து கொடுத்தவை, அப்போது போருக்கு நடுவே இருந்த ஓர் ஊரிலிருந்து என்றோ வந்து சேர்ந்த நான்கு சுழலிகள்.